சங்கிலியிலிருந்து பிய்ந்த ஒரு கண்ணி

2000ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. புல் வெட்டும் இயந்திரத்தின் முனையில் மாட்டிக்கொள்ளும் ‘வீட் விஸார்ட்’ என்ற சிறு வெட்டும் தலை திரும்பப் பெறப்படுகிறது, அதை வைத்திருப்பவர்கள் உடனே பயன்பாட்டை நிறுத்த வேண்டும் என்றது அது. விற்றுப்போனவை ஏறத்தாழ 27 லட்சம். அந்தத் தலையில் கத்தி எதுவும் கிடையாது. ஒரு வட்டின் ஓரத்தில் குட்டையான இரும்புச் சங்கிலித் துண்டுகள் தொங்கும், அவ்வளவுதான். அதிலிருந்து பிய்ந்து வந்த சங்கிலித் துண்டு மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியின் தலையில் பாய்ந்து, அவள் இறந்துபோயிருந்தாள்.

ஒரு பொருளைத் திரும்பப் பெறுகிறார்கள் என்றதும், ஏதோ ஒரு மாதம் தயாரான சரக்கில் பற்றவைப்பு சரியில்லை, திருகு இளகியிருக்கிறது என்றுதான் நினைப்போம். இது அந்த வகை அல்ல. இங்கே சிக்கல் சங்கிலி என்ற எண்ணத்திலேயே இருக்கிறது. எத்தனை நல்ல எஃகில் செய்தாலும் அது போகாது. ஏன் என்று பார்க்கக் கொஞ்சம் கணக்குப் போட்டாக வேண்டும்.

முதலில் அந்த இயந்திரத்தின் பிறப்பு. 1971இல் டெக்ஸாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரத்தில் ஜார்ஜ் பாலஸ் என்பவர் கார் கழுவும் நிலையத்தில் சுழலும் நைலான் தூரிகைகளைப் பார்த்தார். அவை வண்டியின் வளைவு நெளிவெல்லாம் தடவிச் சென்றன, பெயின்ட்டைக் கீறவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு தகர டப்பாவில் ஓட்டை போட்டு, தூண்டில் நரம்பைக் கோத்து, சுழலும் கருவி ஒன்றில் மாட்டினார். புல் அறுந்தது; மரப்பட்டை பிழைத்தது. இன்று நம் ஊர்த் தென்னந்தோப்புகளிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் பிரஷ் கட்டரின் நைலான் தலை அதன் வாரிசுதான்.

நைலான் நரம்பு சும்மா கிடக்கும்போது கொழகொழவென்று வளையும். வேகமாகச் சுழலும்போது கம்பிபோல் விறைத்து நிற்கும். வெட்டும் வேலையைச் செய்வது கூர்மை அல்ல, வேகம். ஆனால் முட்செடியிலும் கல்லிலும் பட்டால் நரம்பு தேய்ந்து அறும். அடிக்கடி நீட்ட வேண்டும், புதிதாகச் சுற்ற வேண்டும். அந்தத் தொல்லைக்கு மருந்தாகத்தான் சங்கிலி வந்தது. கல்லில் மோதினால் மடங்கிக்கொள்ளும், மறுபடி விரியும், தேயவே தேயாது என்று பார்ப்பவருக்குத் தோன்றும். எனக்கும் முதலில் அது கெட்டிக்கார யோசனையாகத்தான் பட்டது.

இப்போது கணக்கு. தலை நிமிடத்துக்கு 8,000 முறை சுழல்கிறது, சங்கிலியின் நுனி மையத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நுனியின் வேகம் விநாடிக்கு 125 மீட்டர், அதாவது மணிக்கு 450 கிலோமீட்டர். கடைசிக் கண்ணியின் எடை 10 கிராம் என்றால், அதை வட்டப் பாதையில் பிடித்துவைக்க 107 கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு இழுவிசை வேண்டும். பத்து கிராமுக்கு நூறு கிலோ! அதோடு முடியவில்லை. வெளிக் கண்ணியை அதற்கு உள்ளே இருப்பது இழுக்கிறது, அதை அதற்கும் உள்ளே இருப்பது. நான்கு கண்ணிகள் கொண்ட சங்கிலியில், வட்டோடு சேரும் முதல் கண்ணி 300 கிலோவுக்கு மேல் தாங்கிக்கொண்டிருக்கிறது. இது கல்லில் படாமல் காற்றில் சுழலும்போது உள்ள நிலை.

கல்லில் பட்டால்? சங்கிலி ஒரு கணம் தயங்கி மடங்குகிறது. தலை நிற்காமல் சுழல்வதால் அடுத்த கணமே வெடுக்கென்று இழுபட்டு விறைக்கிறது. கயிற்றை மெல்ல இழுப்பதற்கும், தளரவிட்டுச் சுண்டி இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம் கிணற்றில் வாளி இறைத்தவர்களுக்குத் தெரியும். விநாடிக்கு 130 சுற்றுக்கு மேல் என்பதால், கல் நிறைந்த தரையில் ஒரு நிமிடம் வெட்டினால் ஆயிரக்கணக்கான சுண்டுதல்கள். இரும்பு ஒரே அடியில் உடைவதில்லை. மறுபடி மறுபடி விழும் அடியில் நுண்ணிய விரிசல் கண்டு, அது மெல்ல வளர்ந்து, ஒருநாள் சட்டென்று விடும். உலோகச் சோர்வு என்பார்கள்.

பழைய சங்கிலித் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணிகளின் வெளிப்பக்கம் துருவேறி மங்கலாக இருக்கும். ஒரு கண்ணியை நகர்த்தி அது அடுத்த கண்ணியைத் தொடும் உள்வளைவைப் பார்த்தால், அங்கே மட்டும் பளபளவென்று ஒரு பள்ளம். இரும்பு அங்கேதான் தேய்ந்து மெலிந்திருக்கிறது. சுமையும் அங்கேதான் விழுகிறது. இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன் மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணில் படாத இடமும் அதுதான்.

கண்ணி அறுந்தால் எங்கே போகும்? தினைப்புனக் காவலில் கவண் சுற்றியவனுக்குத் தெரிந்த விடை: வாரை விட்ட கணத்தில் கல் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அந்தத் திசையில், தொடுகோட்டில், நேராகப் போகும். கவண்காரன் எப்போது விடுவது என்று தீர்மானித்தான். இங்கே அதைத் தீர்மானிப்பது விரிசல். வட்டத்தின் எந்தப் புள்ளியில் வேண்டுமானாலும் அது நடக்கலாம்.

அப்போது கண்ணியிடம் உள்ள ஆற்றல் சுமார் 79 ஜூல். மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு. பந்து சில சென்டிமீட்டர் அகலப் பரப்பில் மோதுகிறது. கண்ணியின் உடைந்த முனையோ சில மில்லிமீட்டர். இந்தியாவில் 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கே உரிமம் வேண்டும். நைலான் நரம்பில் இரண்டு சென்டிமீட்டர் துண்டு இதே வேகத்தில் பறந்தாலும் ஒரு ஜூலைத் தாண்டாது. அதன் எடை 0.1 கிராம்தான்.

பிரஷ் கட்டரில் காப்புத் தகடு இருக்கிறதே என்று கேட்கலாம். அது ஓட்டுபவரின் கால் பக்கத்தை மட்டும் மறைக்கிறது. முன்பக்கம் திறந்திருந்தால்தான் புல்லை வெட்ட முடியும். ஆகவே பூட்ஸும் முகக்கவசமும் போட்டு ஓட்டுபவரைவிட, தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். 15 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்வது இந்த இயந்திரங்களுக்கு வழக்கமான எச்சரிக்கை. கண்ணி அந்தத் தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரம் விநாடியில் எட்டில் ஒரு பங்கு. கண்ணால் கண்டு தலையைக் குனிவதற்குள் வந்துவிடும். காற்றுத் தடையால் அது இழக்கும் வேகமோ ஐந்தில் ஒரு பங்குகூட இராது.

ஒரே தகட்டில் வெட்டி எடுத்த கத்தியும் கல்லில் படும், அதுவும் கல்லைத் தெறிக்கவிடும். அதை நிரபராதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் கோத்த இணைப்பு இல்லை, ஒன்றையொன்று உரசித் தேயும் உள்வளைவு இல்லை. 2012 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் கோடு போட்டதும் இந்த இடத்தில்தான். பிரிட்டனில் நடந்த ஒரு மரணத்தை அடுத்து, பல உலோகத் துண்டுகளைக் கோத்துச் செய்த வெட்டும் தலைகளைக் கையில் பிடிக்கும் பிரஷ் கட்டருக்கென விற்கக் கூடாது என்று உறுப்பு நாடுகளுக்கு ஆணையிட்டது. எந்த நிறுவனம் செய்தது என்பது அங்கே கேள்வியே இல்லை. கோத்திருந்தால் கூடாது.

அமெரிக்க அறிவிப்புக்கும் இந்தத் தடைக்கும் இடையே ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியிருந்தன. திரும்பப் பெறும் அறிவிப்பு ஒரு பெயரை, ஒரு தயாரிப்பாளரைத்தான் பிடிக்கும். அதே வடிவத்தை வேறொருவர் வேறு நிறத்தில் செய்து, எந்த இயந்திரத்துக்கும் பொருந்தும் என்று விற்றால் அது கண்டுகொள்ளாது. காருக்குப் பதிவு எண் இருக்கிறது, உரிமையாளரைத் தேடிக் கடிதம் போகும். சில டாலர் கொடுத்து வாங்கிய இரும்புத் தலைக்கு ரசீதுகூட மிஞ்சியிருக்காது. அது எந்தக் கொட்டகைச் சுவரில் எந்த ஆணியில் தொங்குகிறது என்று விற்றவருக்கும் தெரியாது.