டேப் சார்ஜ் ஏறவில்லையா? கத்தியை எடுப்பதற்கு முன்னால்

போன வாரம் குளச்சலில் இருந்து ஒரு அக்கா என் சர்வீஸ் கடைக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் பிள்ளையின் டேப் (டேப்லெட்), அதைச் சுற்றி அரைக்கிலோ அரிசி. "மக்களே, ரெண்டு நாளா சார்ஜே ஏறல்ல, பேட்டரி போயிருக்கும்னு பக்கத்து வீட்டுல சொன்னாவ, பிள்ளைக்கு பரீட்சை வருது" என்றார். லென்ஸை வைத்துச் சார்ஜிங் பின்னை, அதாவது கேபிள் செருகும் துளையை, பார்த்தேன். பையின் நூல் தூசி உள்ளே அமுங்கி அமுங்கித் துணித்துண்டு மாதிரி கெட்டியாகியிருந்தது, அதன் மேல் ஒரு குருணையும் சிக்கியிருந்தது. டேப்பை ஆஃப் செய்து, பல்குத்தும் மரக்குச்சியை இன்னும் மெல்லிசாகச் சீவி, ஓரத்திலிருந்து மெதுவாக நெம்பியதும் திரி மாதிரி முழுசாக வெளியே வந்தது. கேபிளைச் செருகினேன், 'டக்' என்று உட்கார்ந்தது, சார்ஜ் ஏற ஆரம்பித்துவிட்டது. ஐந்து நிமிட வேலை.

அதே வாரத்தில் இன்னொருவர் வந்தார், இளைஞர், வலது கையில் கட்டு. வீடியோ பார்த்து, காய்கறி நறுக்கும் கத்தியால் டேப்பின் பின்பக்கத்தைத் திறக்கப் போயிருக்கிறார். கத்தி நேரே பேட்டரிக்குள் இறங்கிவிட்டது. முதலில் நெயில் பாலிஷ் மாதிரி இனிப்பு வாடை, அடுத்த நொடி புகை. நல்லவேளையாக முற்றத்து மணலில் தூக்கி எறிந்துவிட்டார். அவருடைய டேப்பில் என்ன கோளாறு என்று கேட்டால், பழைய கேபிள்தான். வேறு கேபிள் போட்டுப் பார்க்கவே இல்லை.

இந்த இரண்டு பேரையும் வைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நம் பொருளை நாமே சரி செய்யலாமா கூடாதா என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள். சர்வீஸ் தொழிலில் இருப்பவன் 'கூடாது, கடைக்கு வாருங்கள்' என்றுதான் சொல்வான் என்று நினைப்பீர்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். மூடிக்கு வெளியே இருப்பது எல்லாம் உங்கள் வேலை, தைரியமாகச் செய்யுங்கள். மூடிக்கு உள்ளே பேட்டரி இருக்கிறது, அங்கே மட்டும் நில்லுங்கள்.

வெளியே செய்யக்கூடியதே நிறைய இருக்கிறது. முதலில் வேறு கேபிள், அப்புறம் வேறு சார்ஜர், அப்புறம் வேறு பிளக் பாயிண்ட். சார்ஜரில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். பழைய போன் சார்ஜரில் 5 வோல்ட் 1 ஆம்பியர் என்று இருக்கும், அதாவது 5 வாட். 7000 எம்.ஏ.எச். பேட்டரி உள்ள டேப்பில் சுமார் 26 வாட்-மணி (வாட் ஹவர்) மின்சாரம் அடங்கும், அந்தச் சார்ஜரில் போட்டால் சும்மா வைத்திருந்தாலே முழுசாக ஏற ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், பிள்ளை வீடியோ வேறு பார்த்துக்கொண்டிருந்தால் ஏறுவதைவிட இறங்குவதுதான் அதிகம். இதைப் பழுது என்று நினைத்துக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. லீவில் அலமாரியில் வைத்து மறந்துபோன டேப் என்றால், பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும், சார்ஜில் போட்டவுடன் திரையில் ஒன்றுமே வராது. ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து இருபது நொடி அழுத்திப் பாருங்கள் (எந்த வால்யூம் பட்டன் என்பது மாடலுக்கு மாடல் மாறும்). எத்தனையோ டேப்புகள் இப்படியே எழுந்திருக்கின்றன.

கேபிள் முழுசாக உள்ளே போகாமல் ஒரு நூல் அளவு வெளியே நிற்கிறதா? அப்படியென்றால் தூசிதான். ஆஃப் செய்துவிட்டு மரக்குச்சி அல்லது பிளாஸ்டிக் குச்சியால் எடுங்கள். ஊக்கு, ஊசி, ஹேர்பின் வேண்டவே வேண்டாம், நடுவில் இருக்கும் நாக்கு உடைந்தால் பின்னையே மாற்ற வேண்டிவரும்.

அரிசி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஈரம்பட்ட கருவியை அரிசிக்குள் வைத்தால் ஈரம் போகாது, மாவும் குருணையும்தான் உள்ளே போகும். துடைத்து, சார்ஜிங் பின் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி சாய்த்து, ஃபேன் காற்றில் வையுங்கள், நன்றாகக் காய்கிற வரை சார்ஜில் போடாதீர்கள். கன்னியாகுமரியில் இருந்து நீரோடி வரைக்கும் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு, அதோடு கடற்காற்றின் உப்பும் சேர்கிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அந்த ஈரத்தோடு கரண்ட் ஓடினால் பின்னில் இருக்கும் செம்பு அரிக்கும், அதில் மின்சாரம் வருகிற தகடுதான் முதலில் போகும். உள்ளே பச்சையாகப் படிந்திருந்தால் சுரண்டாதீர்கள், சானிடைசர் ஊற்றாதீர்கள், அதில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும். அந்தப் பச்சையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுப் பிரஷ்ஷால் துடைக்க வேண்டும், அந்தக் கட்டத்தில் கடைக்கு வாருங்கள்.

மூடியைத் திறக்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் உங்களுக்குத் திறமை இல்லை என்பதல்ல. நிறைய டேப்களில் வெளியே ஒரு ஸ்க்ரூ கூடக் கிடையாது, எல்லாம் பசை, பசைக்கு நேர் கீழே அகலமாகப் பேட்டரி. இப்படிச் செய்வது கம்பெனிகள். உதிரிபாகத்தையும் லேசில் விற்கமாட்டார்கள், ஒரு சின்னச் சார்ஜிங் போர்டுக்காக நான் வாரக்கணக்கில் காத்திருந்திருக்கிறேன், அதற்குள் டேப்பைக் கொடுத்தவர் புது டேப் வாங்கிவிடுவார். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தபோது போனும் டேப்பும் அந்தப் பட்டியலில் இருந்தன, அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் திறந்தார்கள். ஐரோப்பாவில் 2025 ஜூன் முதல், போன், டேப் மாடல்களின் முக்கியமான உதிரிபாகங்களை, விற்பனை நிறுத்திய பிறகும் ஏழு ஆண்டுகள் கம்பெனி கொடுத்தாக வேண்டும். பாகம் இங்கேயும் அப்படிக் கிடைத்தால், கத்தியை எடுக்கிற நிலைமையே பலருக்கு வராது.

பேட்டரி உப்பியிருந்தால், அதாவது டிஸ்பிளே ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றால், வேறு எதையும் யோசிக்காமல் ஆஃப் செய்யுங்கள். அமுக்கி உட்காரவைக்காதீர்கள், சார்ஜில் போடாதீர்கள், மெத்தை, துணி பக்கத்தில் இல்லாமல் சிமெண்ட் தரையில் வைத்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கொண்டுவாருங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடவும் வேண்டாம்.

கடைக்கு வந்த பிறகும் உங்களுக்கு வேலை இருக்கிறது. யூ.எஸ்.பி. மீட்டர் என்று ஒரு சின்னக் கருவி எங்களிடம் இருக்கும், சார்ஜருக்கும் டேப்புக்கும் நடுவில் செருகினால் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டிவிடும். நல்ல கேபிள் போட்டும் பூஜ்யத்திலேயே நின்றால் பின்னையோ போர்டையோ பார்க்க வேண்டும், ஒரு ஆம்பியருக்கு மேல் ஓடினால் சார்ஜ் ஏறத்தான் செய்கிறது, கோளாறு டிஸ்பிளே பக்கமோ சாஃப்ட்வேர் பக்கமோ இருக்கலாம். அதை உங்கள் கண்முன்னால் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். பாகம் மாற்றினால் கழற்றிய பழையதைக் கேளுங்கள். எதைக் கேட்டாலும் முகம் சுளித்து, மீட்டரே போடாமல் 'போர்டு போச்சு' என்று மட்டும் சொன்னால், டேப்பை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.