பவர் ஓவர் ஈதர்நெட்: வலைவழி மின்வழங்கல்

பி.ஓ.இ. என்ற மூன்றெழுத்து, கண்காணிப்புக் கேமரா பொருத்துபவர்களிடம் வெகுகாலமாகப் புழங்குகிறது. இப்போது உட்கூரையில் பதிக்கும் ஒலிபெருக்கிகளின் பெட்டியிலும் அது அச்சாகி வருகிறது. விரித்தால் ‘பவர் ஓவர் ஈதர்நெட்’. கணினி வலைக்காக இழுத்த வடத்திலேயே கருவிக்கு வேண்டிய மின்சாரத்தையும் அனுப்புவது என்று பொருள். கூரைக்குள் பிளக் பாயின்ட் வேண்டாம், அடாப்டர் வேண்டாம், ஒலிக்கென்று தனிக் கம்பியும் வேண்டாம்.

மூன்று சொற்களில் கதையுள்ளது, கணினிகளை வடத்தால் இணைக்கும் முறையான ஈதர்நெட்தான். கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் இருந்த ராபர்ட் மெட்கால்ஃப், 1973 மே 22 அன்று எழுதிய அலுவலகக் குறிப்பில் இந்தப் பெயரைச் சூட்டினார். ஒளி பரவுவதற்கு எங்கும் நிறைந்த ஓர் ஊடகம் தேவை என்று 19ஆம் நூற்றாண்டு இயற்பியலர்கள் நம்பினார்கள். அதன் பெயர் ஈதர். 1887இல் மைக்கெல்சனும் மோர்லியும் செய்த சோதனையில் அதன் சுவடே தென்படவில்லை. இயற்பியல் பிற்பாடு கைகழுவிவிட்ட அந்தப் பெயரை மெட்கால்ஃப் எடுத்துக்கொண்டார். எல்லாக் கணினிகளும் ஒரே பொது ஊடகத்தில் செய்தியை விடும்; அது செம்புக் கம்பியாக இருக்கலாம், வானலையாகவும் இருக்கலாம் என்பது அவர் எண்ணம். ஹவாய்த் தீவுகளில் வானலையில் இயங்கிய அலோகா வலையமைப்பு அவருக்கு முன்னோடி. ஈதரின் கிரேக்க மூலச்சொல் வானத்து மேற்காற்றைக் குறிப்பது. அரிஸ்டாட்டிலின் மரபில் அதுவே ஐந்தாம் பூதம். நம் மரபில் ஐந்தாம் பூதம் ஆகாயம், அதன் குணம் ஓசை. ஒலிபெருக்கியை ஈதரில் மாட்டுவது அந்தக் கணக்கில் மிகவும் பொருத்தம்.

‘ஓவர்’ என்பதை ‘மீது’ என்று பெயர்த்து ‘ஈதர்நெட் மீது மின்சாரம்’ என எழுதுகிறார்கள். மின்கம்பி அறுந்து வலையின் மேல் விழுந்த செய்திபோல இருக்கிறது. இங்கே அதற்குப் பொருள் ‘வழி’: அஞ்சல் வழிக் கல்வி என்பதில் வரும் அதே வழி. ‘பவர்’ இன்னும் வழுக்கலானது. மின்னூட்டம் என்று சிலர் எழுதுகிறார்கள்; பாடநூலில் அது மின்துகளின் சார்ஜைக் குறிக்கும் சொல். மின்திறன் என்பது வாட்டில் அளக்கும் அளவு. இங்கே நடப்பது கருவிக்கு மின்சாரம் வழங்குவது, ஆகவே மின்வழங்கல். முழுச்சொல் வலைவழி மின்வழங்கல். ஈதர்நெட்டை ஈதர்நெட் என்றே விட்டு ‘ஈதர்நெட்வழி மின்வழங்கல்’ என்றாலும் குறையில்லை. பெயர்ச்சொல்லுக்கு வேட்டி கட்டியே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

ஒரே கம்பியில் தரவும் மின்சாரமும் போனால் ஒன்றையொன்று கெடுக்காதா? தரவு, முறுக்கிய இணைக்கம்பிகள் இரண்டுக்கும் இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாடாகச் செல்கிறது. மின்சாரத்தை அனுப்பும்போது ஓர் இணையின் இரண்டு கம்பிகளுக்கும் ஒரே அளவு அழுத்தத்தைக் கொடுக்கிறார்கள். தராசின் இரு தட்டிலும் சம எடையை ஏற்றினால் முள் அசையாது. வேறுபாடு மாறாததால் தரவும் அசையாது. மின்சாரம் ஓர் இணையில் போய் மற்றோர் இணையில் திரும்பும். ஒலிப்பதிவுக் கூடங்களில் கண்டென்சர் மைக்குக்கு அதன் கேபிளிலேயே 48 வோல்ட் கொடுக்கும் ‘ஃபேன்டம் பவர்’ இதன் மூத்த சகோதரி. வீட்டில் மின்தடையானாலும் பழைய தரைவழித் தொலைபேசி பேசியதற்கும் இணைப்பகத்திலிருந்து அதே இணைக்கம்பியில் வந்த மின்சாரமே காரணம்.

இதற்கான முதல் பொதுத்தரம், ஐ.இ.இ.இ. (IEEE) என்ற பொறியாளர் அமைப்பு 2003இல் வெளியிட்ட 802.3ஏஎஃப் (802.3af). கருவிகளின் வடங்கள் வந்து சேரும் வலைப்பெட்டியான நெட்வொர்க் ஸ்விட்ச், எடுத்த எடுப்பில் முழு அழுத்தத்தையும் வடத்தில் செலுத்துவதில்லை. முதலில் 10 வோல்ட் அளவுக்குள் சிறு அழுத்தம் கொடுத்து, மறுமுனையில் சுமார் 25 கிலோ ஓம் மின்தடை தென்படுகிறதா என்று தொட்டுப் பார்க்கும். தென்பட்டால்தான் மின்சாரம் வாங்கத் தகுந்த கருவி என்று தெரிந்துகொண்டு, 48 வோல்ட்டை ஒட்டிய அழுத்தத்தைத் திறந்துவிடும். சாதாரண மடிக்கணினியைத் தவறிச் செருகினாலும் அது கருகாமல் தப்புவது இதனால்தான். இந்தக் கேள்வி பதிலே இல்லாமல் 24 வோல்ட்டைச் சும்மா தள்ளும் மலிவான ‘பாசிவ்’ வகையும் கடைகளில் கிடைக்கிறது. பெயர் ஒன்று, பாதுகாப்பு வேறு.

802.3ஏஎஃப் தரத்தில் ஸ்விட்ச் ஒரு முனைக்குத் தருவது 15.4 வாட், கருவிக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். குறைந்தபட்ச அழுத்தம் 44 வோல்ட், மின்னோட்டம் 0.35 ஆம்பியர், பெருக்கினால் 15.4. நூறு மீட்டர் வடத்துக்குப் போகவர 20 ஓம் மின்தடை என்று வைத்தால், 0.35ஐ 0.35ஆல் பெருக்கி, மீண்டும் 20ஆல் பெருக்க வரும் 2.45 வாட் வழியிலேயே சூடாகிப் போகிறது. செம்புக்குப் பதிலாகச் செம்பு பூசிய அலுமினியக் கம்பியை இழுத்தால் இந்த இழப்பு கூடும். கூரைக்குள் மறைந்துவிடும் பொருள் என்பதால் இங்கேதான் காசை மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். 2009இல் வந்த 802.3ஏடி (802.3at) தரம் ஸ்விட்ச் முனையில் 30 வாட்டும், 2018இல் வந்த 802.3பிடி (802.3bt) 90 வாட் வரையும் தருகின்றன.

இனி உட்கூரைக்கு வருவோம். கூரை என்றால் மழை விழும் மேற்புறமும் அதில் அடங்கும். சீலிங்கைக் குறிக்க ‘உட்கூரை’யே தெளிவு. அங்கே பதிக்கும் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் 100 வோல்ட் முறையில் இயங்கி வந்திருக்கின்றன. ஓர் அறையில் பெரிய ஆம்ப்ளிஃபயர், அதிலிருந்து கட்டடம் முழுக்க ஓடும் இரட்டைக் கம்பி, ஒவ்வொரு ஒலிபெருக்கியின் முதுகிலும் சிறு டிரான்ஸ்ஃபார்மர். அந்த ஒலிபெருக்கி எதையும் பெருக்குவதில்லை. வேறெங்கோ பெருக்கிய மின்குறியை ஒலியாக மாற்றுகிறது, அவ்வளவே. வலைவழி வகையில் ஆம்ப்ளிஃபயரே பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. வடத்தில் வருவது எண்களாகிய ஒலி. அதை மின்குறியாக்குவதும் பெருக்குவதும் ஒலிப்பதும் கூரைக்குள்ளேயே நடக்கிறது. ‘ஒலிபெருக்கி’ என்ற பெயர் இந்தக் கருவிக்குத்தான் முழுதாகப் பொருந்துகிறது.

ஒவ்வொன்றுக்கும் தனி ஐ.பி. முகவரி உண்டு. ஆகவே பள்ளியில் மூன்றாம் தளத்துக்கு மட்டும் அறிவிப்பு என்றால் கம்பியைத் தொட வேண்டாம், மென்பொருளில் மாற்றினால் போதும். ஒன்று செயலிழந்தால் எது என்பதும் திரையில் தெரியும். ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் ஒரு யு.பி.எஸ். வைத்தால் மின்தடையிலும் அறிவிப்பு ஒலிக்கும். பக்கத்துப் பக்கத்து ஒலிபெருக்கிகள் முன்பின்னாக ஒலித்து எதிரொலிபோலக் குழப்பாதிருக்க, அவற்றின் கடிகாரங்களை வலைவழியே ஒத்திசைக்க வேண்டும். வலைவழியே ஒலி அனுப்பும் டான்டே, ஏஇஎஸ்67 போன்ற முறைகள் ஐ.இ.இ.இ. 1588 என்ற எண்ணுள்ள நேரத்தரத்தைக் கொண்டு அதைச் செய்கின்றன.

‘ஒற்றை வடம்’ என்ற விளம்பரச் சொல்லை மட்டும் கவனித்துப் படிக்க வேண்டும். பொதுவாக ஒலிபெருக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு வடம், அதுவும் 100 மீட்டருக்குள், ஸ்விட்ச் வரை தனித்தனியாக ஓடும். கட்டடம் முழுமைக்கும் ஒரே வடம் என்று நினைத்து விலை போட்டால் கணக்கு இடிக்கும். நீண்ட நடைபாதையில் நிறைய ஒலிபெருக்கிகளை வரிசையாகக் கோக்க 100 வோல்ட் முறையே இன்றும் மலிவு. வகுப்பறைக்கும் மருத்துவமனை வார்டுக்கும் பேச்சு தெளிவாகக் கேட்க 12.95 வாட் போதும். கல்யாண மண்டபத்து நாதஸ்வரத்துக்குப் போதாது.

ஒப்பந்தப்புள்ளி எழுதுபவர்கள் ‘வலைவழி மின்வழங்கல் உட்கூரை ஒலிபெருக்கி’ என்று தாராளமாக எழுதலாம். கூடவே 802.3ஏஎஃப் அல்லது ஏடி என்ற தரக்குறியையும், முழுச் செம்பு வடம் என்ற நிபந்தனையையும், ஸ்விட்ச் மொத்தமாகத் தரும் வாட் அளவையும் குறிப்பிட வேண்டும். 24 முனைக்கும் முழு 15.4 வாட் வேண்டுமென்றால் மொத்தம் 369.6 வாட், 370 வாட் என்று போட்டிருக்கும் ஸ்விட்ச் அதற்குச் சரியாக இருக்கும்.