பலூனை வைத்தால் போதாது, எடுக்கவும் வரவேண்டும்

போன வாரமும் ஒருவர் வந்தார். எடை குறைக்க இரைப்பையில் பலூன் வைத்து எட்டு மாதம் ஆகிவிட்டது, ஆறு மாதத்தில் எடுக்க வேண்டிய வகை. கேட்டால், "வலியே இல்லையே டாக்டர், எடையும் நல்லா குறையுது, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே" என்கிறார். இந்த "வலி இல்லையே"வைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

வலிக்காமல்தான் கெடும். இரவும் பகலும் இரைப்பை அமிலத்தில் ஊறும் சிலிகோன் அது. நாள்பட நாள்பட தளர்ந்து, உள்ளே இருக்கும் 400 முதல் 700 மில்லி உப்புநீர் கசிந்து, சுருங்கிய பலூன் சிறுகுடலில் இறங்கிச் சிக்கினால் குடல் அடைப்புதான். கத்தியே வேண்டாம் என்று பலூனுக்கு வந்தவரின் வயிற்றை அப்போது அவசரமாகத் திறக்க வேண்டியிருக்கும். கசிவு தெரியட்டும் என்றுதான் அந்த நீரில் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் கலக்கிறோம். சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போனால் அன்றைக்கே வாருங்கள். நிறம் ஓரிரு நாளில் பழையபடி ஆகிவிடும், அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

ஆபரேஷன் இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை என்பவர்களுக்கு ஒரு தகவல். 2016 முதல், திரவம் நிரப்பிய பலூன் வைத்தவர்களில் உலகெங்கும் 12 பேர் இறந்ததாக அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018 ஜூனில் எச்சரித்தது. சிலருக்கு இரைப்பையே ஓட்டையாகியிருந்தது. வைத்துக்கொண்டவர்களின் எண்ணிக்கைக்கு இது குறைவுதான், பயமுறுத்த எழுதவில்லை. ஆனால் தேதியைத் தாண்டி விளையாடாதீர்கள். உங்களுடையது எந்த வகை, நாலு மாதத்தில் தானே வெளியேறுவதா, ஆறு மாதமா, பன்னிரண்டு மாதமா? டிஸ்சார்ஜ் காகிதத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

முதல் சில நாள் வாந்தி, குமட்டல் வரும், எதிர்பார்த்ததுதான். அதற்குப் பிறகும் தண்ணீர்கூட நிற்கவில்லை என்றால் உடனே வரவேண்டும். வாரக்கணக்கில் வாந்தி எடுத்தால் தயாமின் (வைட்டமின் பி1) சத்து தீர்ந்து நடை தள்ளாடும், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும். அமிலத்தைக் குறைக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். முட்டிவலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்கிப் போடவே கூடாது. முன்பு இரைப்பையில் ஆபரேஷன் ஆகியிருந்தால், கர்ப்பம் என்று சந்தேகம் இருந்தால், வைப்பதற்கு முன்பே சொல்லுங்கள்.

அப்புறம், எடுக்கும் நாள். பலூன் இருக்கும் இரைப்பை சீக்கிரம் காலியாகாது, அதனால்தான் சில நாள் முன்பிருந்தே திரவ உணவு என்கிறோம். மயக்கத்தில் இருக்கும்போது சாப்பாடு நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. வாய் வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் வெறும் எண்டோஸ்கோபிதானே என்று காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு மறைக்கிறார்கள்! சாப்பிட்டிருந்தால் சொல்லிவிடுங்கள், திட்டமாட்டோம், வேறு தேதி தருகிறோம்.