ஒரு கத்தி இரண்டாகாமல் இருப்பது எப்படி?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதும் கல்லூரி மாணவர் ஒருவர் இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். கவுன்ட்டர் ஸ்ட்ரைக் விளையாட்டில் தம்மிடம் உள்ள கத்தி ஸ்கின் (ஆயுதத்துக்கு வேறு தோற்றம் தரும் அலங்காரம்) வெறும் படம்தான் என்னும்போது அதை ஏன் நகலெடுக்க முடியவில்லை என்பது முதலாவது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் அவருடைய நண்பர், முன்பின் தெரியாத ஒருவருக்கு ஜிபே மூலம் மூவாயிரம் ரூபாய் அனுப்பிவிட்டு இன்றுவரை கத்தி வராமல் காத்திருக்கிறாரே, கணினியால் அதைத் தடுக்க முடியாதா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது.

படத்தை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். விலை போவது, விளையாட்டு நிறுவனத்தின் சர்வரில் உள்ள பேரேட்டில் ‘இந்த எண்ணுள்ள கத்தி இன்னார் கணக்கில்’ என்றிருக்கும் ஒரு வரி. மனையைப் படம் பிடித்து வைத்துக்கொள்வதால் பட்டா நம் பெயருக்கு மாறிவிடாது அல்லவா? விளையாட்டுக் காசும் அப்படியே, ஒரு பெயருக்கு நேரே நிற்கும் எண்.

சிக்கல் கைமாறும்போதுதான் வருகிறது. கத்தி விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கும், காசு எதிர்த்திசையிலும் செல்ல வேண்டும். கணினி இத்திருத்தங்களை ஒன்றன்பின் ஒன்றாகவே எழுதும். இடையில் மின்சாரம் போனால்? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைக் கடந்தபின் எத்தனை நாள் இருளில் கிடந்தோம் என்பதை மறக்காதவர்களுக்கு இந்தக் கேள்வி விளையாட்டாகத் தோன்றாது. காசு போய்க் கத்தி வராமல் நிற்கலாம். அல்லது, இருவர் கணக்கும் தனித்தனியே வைக்கப்பட்டிருந்தால், வாங்குபவர் கணக்கில் கத்தி ஏறியும் விற்பவர் கணக்கிலிருந்து நீங்காமல், ஒன்று இரண்டாகலாம். விளையாடுபவர்கள் ‘டூப்’ என்பது இத்தகைய நகலைத்தான். 2000இல் வெளியான டையப்லோ 2 விளையாட்டில் அதன் காசான தங்கத்தை மதிப்பாரில்லாமல் போய், ‘ஸ்டோன் ஆஃப் ஜோர்டன்’ என்ற மோதிரமே நாணயமாகப் புழங்கியது. டூப்கள் பெருகி அதன் மதிப்பையும் கரைத்தன.

இதற்கு, இத்தகைய பேரேடுகளைக் காக்கும் மென்பொருள்களான தரவுத்தளங்கள் கையாளும் வழி என்னை இன்றும் வியக்க வைக்கிறது. பேரேட்டைத் தொடுவதற்கு முன், செய்யப்போகும் திருத்தங்கள் அனைத்தையும் தனிக் குறிப்பேடு ஒன்றில், மின்சாரம் போனாலும் அழியாதபடி எழுதி, இறுதியில் ‘உறுதி’ என்று ஒரு குறியிட வேண்டும். நடுவில் எந்த நொடியில் கணினி நின்றாலும் கவலையில்லை. மீண்டும் இயங்கத் தொடங்கியதும் அது முதலில் குறிப்பேட்டைப் புரட்டும். ‘உறுதி’ இருந்தால் அரைகுறையாக நின்றவற்றைச் செய்து முடிக்கும், இல்லையென்றால் அந்தப் பரிமாற்றமே நடக்கவில்லை என்று கொள்ளும். ஏற்கெனவே செய்த திருத்தத்தை இன்னொரு முறை செய்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். குறிப்பில் ‘நூறு கழி’ என்று எழுதாமல் ‘இருப்பு இனி நானூறு’ என்று எழுதிவைத்தால், எத்தனை முறை செய்தாலும் இருப்பு நானூறுதான். ஆக, பல செயல்கள் முழுமையாக நிகழ்ந்தனவா என்ற கேள்வி, ஒரே ஒரு குறி இடப்பட்டதா என்ற கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது.

இத்துறையின் முன்னோடியான ஜிம் கிரேவுக்கு 1998இல், கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது வழங்கப்பட்டது. 1970களில் அவர் ஐபிஎம் ஆய்வகத்தில் இதற்காக உழைத்தபோது கத்தி ஸ்கின் யாருடைய கனவிலும் இல்லை. உடனடிப் பயன் என்ன என்று கேட்டு ஆய்வு நிதியை வெட்டுபவர்கள் (நம் நாட்டில் அவர்களுக்குக் குறைவில்லை) இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கை வெளியிடும் நிறுவனமே நடத்தும் ஸ்டீம் தளத்தின் சந்தையில் விற்றால், காசும் கத்தியும் ஒரே நிறுவனத்தின் கணக்கில் மாறுவதால் இரண்டையும் சேர்த்தே காக்க முடிகிறது. ஆனால் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் பொருள்களுக்கு அங்கே 5 விழுக்காடு ஸ்டீமுக்கும் 10 விழுக்காடு விளையாட்டுக்கும் கட்டணமாகச் சேர்கிறது. கிடைக்கும் தொகையும் ஸ்டீம் கணக்கிலேயே தங்குமே தவிர வங்கிக்கு வராது. அதனால்தான் பலர் வெளியே விற்கிறார்கள். முத்தியால்பேட்டை நண்பரின் மூவாயிரம் ரூபாய் வங்கிகளின் பேரேட்டில் ‘உறுதி’ பெற்று, ஒரு பைசா குறையாமல் போய்ச் சேர்ந்தது. கத்தியோ வேறொரு நிறுவனத்தின் பேரேட்டில், பழைய பெயரிலேயே இருக்கிறது. இரண்டு பேரேடுகளுக்கும் பொதுவான குறிப்பேடு இல்லை. இரண்டு கணினிகளும் தம் வேலையைப் பிழையின்றியே செய்திருக்கின்றன.