எண்ணெய் ஆற்றி: ஆயில் கூலரை ஏன் குளிரூட்டி என்று எழுதக் கூடாது

எஞ்சின் எண்ணெயின் சூட்டைக் குறைக்கும் பாகமான ஆயில் கூலரைத் தமிழில் எழுத நேர்ந்தால் பலருக்கும் கை தானாகவே ‘எண்ணெய்க் குளிரூட்டி’ என்று எழுதிவிடுகிறது. மொழிபெயர்த்த கையேட்டில், உதிரிப்பாகத்தோடு வரும் துண்டுத்தாளில், மோட்டார் சைக்கிள் காணொளிகளின் எழுத்துவரியில், எங்கும் இதுதான். கொஞ்சம் இலக்கணம் பார்ப்பவர் ‘எண்ணெய்க் குளிர்விப்பான்’ என்பார். இரண்டும் தவறு. சொல்லழகு கெட்டது என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இந்தச் சொல் பொருளையே திருப்பிவிடுகிறது; இதை நம்பி வேலை செய்பவர் ஒரு நல்ல ரேஸ் எஞ்சினைக் கெடுத்துக்கொள்ளவும் கூடும்.

முதலில் வேர். எண்ணெய் என்பது எள்ளும் நெய்யும் சேர்ந்த சொல். நல்லெண்ணெயில் தொடங்கி மண்ணெண்ணெய் வரை வந்துவிட்டது. எஞ்சினில் ஊற்றுவதையும் எண்ணெய் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. கூலர் என்பதில் உள்ள ‘கூல்’ ஜெர்மானிய மொழிகளுக்குப் பொதுவானது. ‘கோல்டு’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான், ஆனால் இரண்டும் வெகுகாலத்துக்கு முன்பே பிரிந்துவிட்டன. நான் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலும் ‘கூல்’ வேறு, ‘கௌட்’ வேறு. ஆயில் கூலரை அவர்கள் ‘ஓலிஃபெர்கூலர்’ என்கிறார்கள். ‘கௌட்’ அதில் வரவே வராது. சூட்டைக் குறைப்பதும் குளிரவைப்பதும் ஒன்றல்ல என்று அந்த மொழிகளுக்குத் தெரிந்திருக்கிறது. தமிழுக்கும் தெரியும். மொழிபெயர்ப்பாளர்கள்தான் மறந்துவிட்டார்கள்.

தமிழில் சூடு இறங்குவதற்குப் படிகள் உண்டு. கொதிப்பு, சூடு, இளஞ்சூடு, வெதுவெதுப்பு என்று கீழே வரும். அந்த இறக்கம் முழுவதுக்கும் வினை ஒன்றே: ஆறுதல். தானாக இறங்கினால் ஆறும். நாம் இறக்கினால் ஆற்றுகிறோம். குளிர்தல் தொடங்குவது அதற்கும் கீழே. வடை சுட்டு முடித்த சட்டியை அடுப்பிலிருந்து இறக்கும் பாட்டி “எண்ணெய் ஆறட்டும், அப்புறம் வடிகட்டலாம்” என்றுதான் சொல்வார். “எண்ணெய் குளிரட்டும்” என்று டர்பனிலும் சொல்ல மாட்டார், தஞ்சாவூரிலும் சொல்ல மாட்டார். காய்ந்த எண்ணெய்க்கு நம்மிடம் இருக்கும் வினை அடுப்படியிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு அகராதியில் ‘குளிர்’ தேடப் போவானேன்?

எல்லை எங்கே என்பதற்கு எளிய அளவுகோல் உண்டு. சுற்றியுள்ள காற்றின் சூடு வரை ஒரு பொருள் இறங்கினால் அது ஆறுதல். அதற்கும் கீழே இறக்கினால் குளிர்வித்தல். ஏசியும் ஃபிரிட்ஜும் கம்ப்ரசர் வைத்து, கேஸ் ஓடவிட்டு, வெளிக்காற்றுக்கும் கீழே கொண்டுபோகின்றன. அவற்றைக் குளிரூட்டி என்பது சரி. ஆயில் கூலரில் கம்ப்ரசரும் இல்லை, கேஸும் இல்லை. சில அலுமினியக் குழாய்கள், நடுவே ஃபின்கள் எனும் மெல்லிய தகடுகள், எதிரே வரும் காற்று, அவ்வளவுதான். டர்பன் கோடையில் காற்று 32 டிகிரி செல்சியஸ் என்றால், எத்தனை பெரிய கூலரை மாட்டினாலும் எண்ணெய் 32க்குக் கீழே வராது. அதன் பக்கத்தில் வரவும் கூடாது.

‘வரவும் கூடாது’ என்பதுதான் இந்தச் சொல் விவகாரத்தின் உயிர். குளிரூட்டி என்று படித்தவருக்கு எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லது என்று மனதில் பதிந்துவிடும். பெரிய கூலராகத் தேடி வாங்குவார், எண்ணெய் போதிய சூடு ஏறும்வரை கூலருக்குப் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று கழற்றி வைப்பார். காற்றால் ஆறும் ரேஸ் எஞ்சினில், அடியில் எண்ணெய் தேங்கும் சம்பில் உள்ள எண்ணெய் 90 முதல் 110 டிகிரி வரை நிற்க வேண்டும். பச்சைத் தண்ணீர் கொதிக்கும் சூடு அது. இதைக் குளிர் என்று அழைக்க எந்தத் தமிழனுக்கு வாய் வரும்?

80 டிகிரிக்குக் கீழே ஓடினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். ஒரு கிலோ பெட்ரோல் எரிந்தால் ஒரு கிலோவுக்கும் மேல் நீராவி பிறக்கிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைக் கடந்து எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸுக்குள் இறங்கும், எரியாத பெட்ரோலும் கூடவே இறங்கும். எண்ணெய் நல்ல சூட்டில் இருந்தால் இரண்டும் ஆவியாகி பிரீதர் எனும் மூச்சுக்குழாய் வழியே போய்விடும். சூடு போதாவிட்டால் உள்ளேயே தங்கி எண்ணெயோடு கலக்கும். ராக்கர் கவரைத் திறந்தால் மோர் திரிந்தாற்போல வெள்ளைப் படலம் தெரியும். அடுத்தது கெட்டித்தன்மை. 10டபிள்யூ-40 வகை எண்ணெய் 100 டிகிரியில் 14 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அலகு) அளவில் ஓடும். 60 டிகிரியில் அதுவே ஏறத்தாழ மூன்று மடங்கு கெட்டி. பம்ப் அழுத்தம் எகிறும், ரிலீஃப் வால்வு திறந்து எண்ணெயைச் சம்புக்கே திருப்பிவிடும். அழுத்தமானியில் முள் மேலே நிற்கும். பேரிங்குக்குப் போய்ச் சேரும் எண்ணெயோ குறைவு. முள்ளைப் பார்த்து நிம்மதியடைபவர் ஏமாந்துபோவார். கெட்டி எண்ணெயைக் கடைந்துகொண்டே சுழலும் கிராங்கும் கிளட்சும் குதிரைத்திறனையும் தின்னும்.

மேல் எல்லையும் அவ்வளவே முக்கியம். நல்ல சிந்தெடிக் எண்ணெய் 120, 125 வரை பொறுக்கும். 140ஐத் தாண்டிப் பல சுற்று ஓடினால் பேரிங்கில் படலம் மெலிந்து உலோகம் உலோகத்தைத் தொடும். சம்பில் காட்டும் சூட்டைவிடப் பேரிங்குக்குள் இருக்கும் எண்ணெய் 20, 30 டிகிரி அதிகம் என்பதை மறக்கக் கூடாது. ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பழகிய கணக்கு. ஆகவே வேலை என்பது இரண்டு எல்லைகளுக்கு நடுவே நிறுத்துவது. ஆற்றுதல் என்ற வினையில் அந்த அளவு உள்ளேயே இருக்கிறது. குழந்தைக்குப் பாலை ஆற்றுகிற யாரும் அது சில்லென்று ஆகும்வரை ஆற்றுவதில்லை.

எண்ணெயும் சூடு சுமக்கிறது என்பதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது சுசூகி. 1985இல் வந்த ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 எஞ்சினில் தண்ணீர் இல்லை. பிஸ்டனின் அடிப்பக்கத்திலும், எரியறைக்கு மேலே ஹெட்டிலும் எண்ணெயைப் பீய்ச்சி அடித்து, அந்தச் சூட்டை முன்னால் இருந்த அகன்ற கூலரில் கொண்டுபோய் ஆற்றினார்கள். 1992இல்தான் அந்த வண்டிக்குத் தண்ணீர் வந்தது. சாதாரணக் காற்று எஞ்சினிலும் ஃபின்களுக்கு எட்டாத இடங்களான பிஸ்டன் தலை, எக்சாஸ்ட் வால்வின் சுற்றுப்புறம், கிளட்ச் ஆகியவற்றின் சூட்டை எடுத்துப்போக எண்ணெயை விட்டால் வேறு வழியில்லை.

கூலரை மாட்டுவதில் செய்யும் பிழைகளும் பெரும்பாலும் ‘பெரிதாக இருந்தால் போதும்’ என்ற எண்ணத்தில் பிறப்பவை. ஹெட்டுக்கு நேர் எதிரே கூலரை வைத்தால், அதைக் கடந்து சுட்டுவரும் காற்றுதான் ஹெட்டின் ஃபின்களுக்குக் கிடைக்கும். எண்ணெய் ஆறும், ஹெட் கொதிக்கும். ஹெட்டுக்கு மேலேயோ பக்கத்திலோ, பின்னால் காற்று வெளியேற வழிவிட்டு வைக்க வேண்டும். கூலரைச் சுற்றி இடைவெளி இருந்தால் காற்று அதன் வழியே நழுவிவிடும், ஆகவே ஃபோம் வைத்து அடைக்க வேண்டும். குழாய் வாய்கள் மேல்நோக்கி இருந்தால் உள்ளே சிக்கிய காற்று தானாக வெளியேறும். கீழ்நோக்கி மாட்டினால் மேல் பாதியில் காற்று அடைத்துக்கொண்டு பாதிக் கூலர் சும்மா நிற்கும். ஹோஸின் உள்விட்டம் சுமார் 11 மில்லிமீட்டர் இருந்தால் நடுத்தர எஞ்சின்களுக்குப் போதும். மெலிந்த ஹோஸ் அழுத்தத்தைத் தின்னும். ரப்பர் புஷ் இல்லாமல் ஃபிரேமில் இறுக்கிவிட்டால் அதிர்வில் முதலில் பிளப்பது கூலரின் ஓரப் பற்றுதான்.

தெர்மோஸ்டாட் 80 டிகிரி வாக்கில் திறக்கத் தொடங்கி 90, 95இல் முழுதாகத் திறக்கும் வகையாக இருக்கட்டும். மூடியிருக்கும்போதும் கொஞ்சம் எண்ணெய் கூலர் வழியே கசிந்து போகும் அமைப்பு நல்லது. இல்லாவிட்டால் திறந்த கணத்தில் கூலரில் கிடந்த கெட்டி எண்ணெய் மொத்தமாக எஞ்சினுக்குள் வரும். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டிக்கு அலுமினிய டேப் உண்டு. எண்ணெய்க்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆற்றும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. எண்ணெய் 120, காற்று 30 என்றால் வித்தியாசம் 90. கேப் டவுனின் கில்லார்னி ரேஸ் டிராக்கில் 10 டிகிரிக் குளிர்காலக் காலையில் அது 110. அதே கூலர் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாக ஆற்றும். அன்று கூலரின் மூன்றில் ஒரு பங்கை டேப்பால் மூடிவிட்டு, சில சுற்று ஓட்டி, அளவைப் பார்த்து, டேப்பைக் கூட்டியோ குறைத்தோ முடிவுசெய்ய வேண்டும்.

ஜொகானஸ்பர்க் பக்கத்துக் கியாலாமி டிராக்குக்குப் போகிறவர்கள் வேறொன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஜொகானஸ்பர்க் மேட்டுநிலத்தில் காற்றின் அடர்த்தி டர்பன் கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் எடுக்கும் காற்றும் குறைவதால் எரிப்பின் சூடு குறையும், ஆனால் பேரிங்கிலும் கிளட்சிலும் உராய்வால் பிறக்கும் சூடு குறையாது. அது சுழல் வேகத்தைப் பொறுத்தது. ஆற்றுகிற காற்று மட்டும் மெலிந்துவிடுகிறது. கடற்கரையில், போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கத்து டெஸ்ஸி டிராக்கில் ஒட்டிய டேப்போடு மேலே போகாதீர்கள்.

அளப்பதற்கு டிரெயின் போல்ட்டில் ஒரு சென்சார் போதாது. கூலருக்குள் போகும் வழியில் ஒன்று, வெளியேறும் வழியில் ஒன்று என இரண்டு வேண்டும். இடையே 10 முதல் 20 டிகிரி குறைந்தால் கூலர் வேலை செய்கிறது. வித்தியாசமே இல்லாமல் இரண்டும் ஏறினால் காற்று வரவில்லை என்று பொருள். வித்தியாசம் நன்றாக இருந்தும் எண்ணெய் ஏறிக்கொண்டே போனால் குற்றம் எஞ்சினில்: மெலிந்த கலவை, தவறிய இக்னிஷன் நேரம், அளவுக்கு மீறிய எண்ணெய். எண்ணெய் கூடினால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரை சூட்டைச் சுமக்காது. இதையெல்லாம் விட்டுவிட்டு இன்னும் பெரிய கூலர் வாங்குவது வீண்.

சொல்லுக்குத் திரும்புவோம். ‘எண்ணெய்த் தணிப்பான்’ என்று சிலர் எழுதுகிறார்கள். குளிரூட்டியைவிட எவ்வளவோ மேல். ஆனால் தணிவது சூடு, கோபம், தாகம்; எண்ணெய் தணியாது. ‘எண்ணெய்ச் சூடுதணிப்பான்’ என்று முழுதாகச் சொன்னால் பொருள் நிற்கும், நாக்கு நிற்காது. எண்ணெய் ஆறும்; ஆகவே ஆற்றுவது எண்ணெய் ஆற்றி. எண்ணெயோடு இரண்டே அசை கூட்டி முடிந்துவிடுகிறது. பணியாற்று, உரையாற்று என்பதில் வரும் ‘ஆற்று’ குழப்பாதா என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணெயோடு சேர்த்துச் சொல்லும்போது யாருக்கும் குழப்பம் வராது. காயம் ஆற்றும் மருந்து என்றால் எவரும் மருந்து உரையாற்றுவதாக நினைப்பதில்லை. ஏர்கூல்டு எஞ்சினுக்கும் இதே வினை பொருந்தும்: காற்றால் ஆறும் எஞ்சின். ஆயில் கூலர் என்றே எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை. டர்பன் ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், பொருளும் கெடவில்லை. கடன்சொல் பொய் சொல்லாது. பொய் சொல்லும் தமிழ்ச்சொல்தான் ஆபத்து.

இந்த நாட்டில் அந்த ஆபத்து இரட்டிப்பு. 1860இல் நேட்டாலுக்கு நம்மவர்களை ஏற்றிய முதல் கப்பல் வந்ததிலிருந்து தலைமுறைகள் பல கடந்துவிட்டன. பேச்சுத் தமிழ் தேய்ந்துபோன வீடுகளிலிருந்து இளையவர்கள் வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். சென்னையில் இருப்பவர் குளிரூட்டி என்று படித்தாலும் மனதுக்குள் ஆயில் கூலர் என்று மாற்றிக்கொள்வார். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் தமிழை அகராதியிலிருந்து கற்கும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை; எழுதியது எழுதியபடியே உள்ளே போகும். ரேடியேட்டரை ‘கதிர்வீசி’ என்று எழுதுபவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். அந்தப் பாகம் சூட்டை விடுவது பெரும்பகுதி கடந்துபோகும் காற்றில்தான், கதிரில் அல்ல. ஆங்கிலப் பெயரில் இருந்த பழைய பிழையைத் தமிழில் புதிதாக நட்டிருக்கிறார்கள். ஒரு பாகம் என்ன செய்கிறது என்று கேட்காமல் அதன் பெயரை மட்டும் பெயர்த்தால் இப்படித்தான் முடியும்.

கையேடுகளில் இன்னும் மோசம். ‘எஞ்சின் குளிர்ந்தபின் எண்ணெயை வடிக்கவும்’ என்று எழுதுகிறார்கள். குளிர்ந்தபின் வடித்தால் அழுக்கு அடியில் படிந்து உள்ளேயே தங்கும், கெட்டி எண்ணெய் மூலைகளில் ஒட்டி நிற்கும். எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, பத்து நிமிடம் ஆறவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு இளஞ்சூட்டில் வடிக்க வேண்டும். புது எண்ணெய் ஊற்றியபின் மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து, வண்டியை நேராக நிறுத்தி அளவு பார்க்க வேண்டும். அங்கே எழுத வேண்டியது ‘சற்று ஆறியபின்’.