பாலைவனத்தில் ஒரு கிகாவாட்

2023 செப்டம்பரில் அபுதாபியின் அரசு ஆய்வு நிறுவனமான டி.ஐ.ஐ., 'ஃபால்கன் 180பி' என்ற, சாட்ஜிபிடி ரக மொழி மாதிரியை வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று விடப்பட்ட மாதிரிகளில் அன்றைக்கு அது மிகப் பெரிய ஒன்று. அதைப் பயிற்றுவிக்க ஒரே நேரத்தில் 4,096 என்விடியா ஏ100 சிப்புகள் வரை ஓடின. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 70 லட்சம் சிப்-மணிநேரம். ஒரு ஏ100 முழு மூச்சில் ஓடினால் 400 வாட் இழுக்கும். பெருக்கிப் பார்த்தால், சிப்புகளுக்கு மட்டும் அதிகபட்சம் 28 லட்சம் யூனிட் மின்சாரம் போயிருக்கும்.

2025 மே மாதம் டிரம்ப் அபுதாபிக்கு வந்தபோது அறிவிக்கப்பட்ட ஏஐ டேட்டா சென்டர் வளாகத்தின் அளவு, மின்தேவைக் கணக்கில், 5 கிகாவாட், பரப்பு 26 சதுர கிலோமீட்டர். அதில் ஓபன்ஏஐ, ஆரக்கிள், அபுதாபியின் ஏஐ நிறுவனமான ஜி42 போன்றவை சேர்ந்து அமைக்கும் 'ஸ்டார்கேட் யு.ஏ.இ.' மட்டும் 1 கிகாவாட். முதல் 200 மெகாவாட் 2026-இல் வரும் என்று சொன்னார்கள். ஒரு கிகாவாட் என்றால் மணிக்கு 10 லட்சம் யூனிட். ஃபால்கன் 180பி-யின் சிப்புகளுக்கு ஆன மொத்த மின்சாரமும் அங்கே மூன்று மணி நேரத்துக்குத் தாங்காது.

ஐக்கிய அரபு அமீரகத்துக்கு இது திடீர் ஆசை இல்லை. 2017-லேயே ஒமர் அல் ஒலாமா என்ற 27 வயது இளைஞரைச் செயற்கை நுண்ணறிவுக்கென்றே அமைச்சராக்கினார்கள். உலகிலேயே அப்படி ஓர் இலாகா வந்தது அதுதான் முதல் முறை. 2019-இல் இந்தத் துறைக்கென்று ஒரு பல்கலைக்கழகத்தை அறிவித்தார்கள். ஆனால் பல்கலைக்கழகமும் அமைச்சரும் எந்த நாட்டிலும் வரலாம். எண்ணெய் நாட்டுக்கு மட்டும் இதில் என்ன கூடுதல் வசதி?

மின்சாரத்தைத் தொலைதூர நாட்டுக்கு ஏற்றுமதி செய்வது பெரும்பாடு. கம்பி இழுக்க வேண்டும், வழியில் இழப்பு, நடுவில் கடல். அதே மின்சாரத்தைக் கணக்கீடாக மாற்றிவிட்டால் வேலை சுலபம். ஏஐயிடம் கேட்கும் கேள்விக்கு வரும் பதிலின் எழுத்துகளுக்கு எடையே கிடையாது, கடலடிக் கண்ணாடி இழைக் கேபிளில் போய்விடும். இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடுகிறது. அபுதாபியிலிருந்து சென்னை ஏறக்குறைய 3,000 கி.மீ. கேபிள் சுற்றி வளைத்து வந்தாலும், கேள்வி போய்ப் பதில் திரும்பும் பயணத்துக்கு ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும். 3,200 கி.மீ. சுற்றளவுக்குள் உலக மக்கள்தொகையில் பாதிப் பேர் வரை எட்டலாம் என்று ஓபன்ஏஐ சொல்வதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. நாமும் அந்த வட்டத்துக்குள் இருக்கிறோம்.

சரி, மின்சாரம் எங்கிருந்து வரும்? எண்ணெயை எரித்து இல்லை. அமீரகத்தின் மின்சாரத்தில் பெரும்பங்கு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. கால் பங்கு, கொரியர்கள் கட்டிக்கொடுத்த பராக்கா அணுமின் நிலையத்திலிருந்து: நான்கு உலைகள், மொத்தம் 5.6 கிகாவாட். புதிய வளாகத்தின் முழு அளவு கிட்டத்தட்ட அந்த நிலையம் அளவுக்கே வந்துவிடுகிறது! டேட்டா சென்டரின் மின்தேவை இரவு பகல், கோடை குளிர் பாராமல் ஒரே சீராக இருக்கும். அணு உலைக்கும் அப்படி ஓடுவதுதான் பிடிக்கும் என்பதால் இரண்டுக்கும் நல்ல பொருத்தம். சூரிய ஒளிக்கு அந்தக் குணம் இல்லை. அதனால்தான் 1 கிகாவாட்டை இருபத்துநான்கு மணி நேரமும் தர, மஸ்தார் நிறுவனம் 5.2 கிகாவாட் சூரியத் தகடுகளும் 19 கிகாவாட்-மணி பேட்டரியும் போடுகிறது. ராத்திரியையும் காலை மாலை நேரத்து மங்கலையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், பாலைவனத்திலும் ஒரு தகடு தன் முழுத் திறனில் கால்வாசிதான் தரும். ஒன்றுக்கு நான்கு மடங்குக்கு மேல் போட வேண்டியிருப்பது அதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கை. இவ்வளவு எண்ணெய் வளமுள்ள நாடு, 2007 முதல் கடலடிக் குழாய் வழியாகக் கத்தாரிடமிருந்து எரிவாயு வாங்கிக்கொண்டிருக்கிறது.

மின்சாரம் வந்துவிட்டால் அடுத்த தலைவலி சூடு. சிப்புக்குள் போகும் ஒவ்வொரு யூனிட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும், கணக்கீடு அதில் எதையும் மிச்சம் வைப்பதில்லை. என்விடியாவின் ஜிபி200 ரேக் (சிப்புகளை அடுக்கும் அலமாரி) ஒன்றில் 72 ஜிபியுக்கள், அதாவது ஏஐ சிப்புகள், இருக்கின்றன. எடை ஒரு டன்னுக்கு மேல், மின்தேவை சுமார் 120 கிலோவாட். நம் வீட்டு ஒன்றரை டன் ஏசிகள் எண்பதை ஒரே பீரோவுக்குள் ஓடவிட்டால் எவ்வளவு இழுக்குமோ, அவ்வளவு. இந்த வெப்பத்தைக் காற்றை ஊதி வெளியேற்றுவதாக வைத்துக்கொள்வோம். காற்று 10 டிகிரி சூடாகலாம் என்றால், அந்த ஒரு ரேக்குக்குள் நொடிக்கு 10 கன மீட்டர் காற்று பாய வேண்டும். அது புயல். அதே வேலையைத் தண்ணீர் நிமிடத்துக்கு 170 லிட்டரில் முடித்துவிடும், ஏனென்றால் ஒரே கொள்ளளவில் தண்ணீர் காற்றைவிட மூவாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைச் சுமக்கும். அதனால் இப்போது சிப்பின் தலைமேலேயே செம்புத் தகடு ஒன்றை அழுத்தி வைத்து, அதற்குள் நுண்ணிய வாய்க்கால்கள் வெட்டி, திரவத்தை ஓடவிடுகிறார்கள்.

அந்தத் திரவம் சில்லென்று இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதுதான் வளைகுடாவுக்குச் சாதகமான விஷயம். வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் தானாகப் போகும். சிப்பு 70 டிகிரியில் இருந்தால் 40 டிகிரி வெந்நீர்கூட அதைக் குளிர்விக்கும். வெளியே 30 டிகிரியாக இருக்கும் குளிர்கால மாதங்களில், அந்த வெந்நீரைப் பெரிய ரேடியேட்டர்களில் ஓடவிட்டு விசிறியைச் சுழற்றினால் போதும். ஜூலை மதியம் 45 டிகிரி அடிக்கும்போது கதை மாறும். காற்றே தண்ணீரைவிடச் சூடு, அப்போது கம்ப்ரசர் போட்டுத்தான் ஆக வேண்டும், அதற்குத் தனி மின்சாரம். காற்று வறண்ட இடங்களில் தண்ணீரை ஆவியாக விட்டுச் சூட்டைத் தணிப்பது எளிய வழி. அபுதாபிக் கடலோரத்தில் கோடையில் காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறியிருக்கும், ஆவியாதல் மந்தம். நன்னீரோ கடல்நீரைச் சுத்திகரித்துக் கிடைப்பது, அதற்கும் மின்சாரம் செலவாகிறது. கடலில் நேரடியாகச் சூட்டைக் கொட்டலாமே என்றால், கோடையில் பாரசீக வளைகுடாவின் மேல்நீரே 35 டிகிரியை நெருங்கிவிடுகிறது.

ஆனாலும் இதெல்லாம் காசு போட்டால் தீரும் சிக்கல்கள். காசால் மட்டும் தீராதது சிப்பு. வடிவமைப்பு கலிபோர்னியாவில், உற்பத்தி தைவானில். அனுமதிச் சீட்டோ வாஷிங்டனில். சீனாவுக்குக் கைமாறிவிடும் என்ற பயத்தில் 2023 அக்டோபரில் அமெரிக்கா, உயர்ரகச் சிப்புகளுக்கு அமீரகம், சவூதி அரேபியா உள்ளிட்ட நாடுகளையும் உரிமம் வாங்க வைத்தது. ஜி42 தன்னிடமிருந்த சீனக் கருவிகளைக் கழற்றி எறிந்தது. 2024 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் அதில் 150 கோடி டாலர் முதலீடு செய்தது. 2025 நவம்பரில் ஜி42-வுக்கு 35,000 ஜிபி300 சிப்புகளுக்கு இணையான அளவு வரை வாங்க அனுமதி கிடைத்தது. ஒரு கிகாவாட்டை நிரப்பவோ பல லட்சம் ஜிபியுக்கள் வேண்டும். எண்ணெயில் யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்து பழகிய நாடு, இங்கே வரிசையில் நிற்கிறது.

அப்புறம் மொழி. 2023 ஆகஸ்டில் ஜி42-வின் இன்செப்ஷன், 2019-இல் அறிவித்த அந்த முகமது பின் சயீத் பல்கலைக்கழகம், அமெரிக்கச் சிப்பு நிறுவனமான செரிப்ராஸ் மூன்றும் சேர்ந்து 'ஜெய்ஸ்' என்ற அரபு மாதிரியைக் கொண்டுவந்தன. அமீரகத்தின் மிக உயர்ந்த மலையின் பெயர் அது. கோடிக்கணக்கானோர் பேசும் மொழியாக இருந்தும், தரமான அரபு எழுத்து இணையத்தில் போதவில்லை. தேடித் துழாவித் திரட்டியதோடு, ஆங்கிலத்திலிருந்து இயந்திரத்தால் மொழிபெயர்த்ததையும் சேர்த்தார்கள். அப்போதும் பற்றாமல் திரும்பத் திரும்பப் படிக்க வைத்து 11,600 கோடி அரபு டோக்கன்கள் (மாதிரி படிக்கும் எழுத்துத் துண்டுகள்) ஆக்கினார்கள். கூடவே ஆங்கிலமும் நிரல்களுமாக 27,900 கோடி. உலகத்தைப் பற்றிய பொது அறிவை மாதிரி ஆங்கிலத்தில் கற்றுக்கொண்டு அரபிக்குக் கொண்டுவரும் என்பது எதிர்பார்ப்பு. அது ஓரளவு பலிக்கவும் செய்தது. தமிழுக்கு மாதிரி செய்கிறவர்கள் ஃபால்கனைவிட ஜெய்ஸைத்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது என் கட்சி. பற்றாக்குறை நமக்கும் அதே ரகம், அளவு இன்னும் மோசம்.

எண்ணெயைத் தோண்டாமல் விட்டால் பூமிக்குள் அப்படியே கிடக்கும். விலை ஏறும்வரை காத்திருக்கலாம். சிப்புக்கு அந்தப் பொறுமை ஆகாது. கட்டடமும் குழாயும் டிரான்ஸ்ஃபார்மரும் இருபது, முப்பது வருஷம் நிற்கும். உள்ளே இருக்கும் ரேக்குகளை ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் வாஷிங்டன் சம்மதிக்க வேண்டும். அபுதாபி இதைத் தெரிந்தேதான் இன்னொரு பக்கமும் பணம் போட்டு வைத்திருக்கிறது. 2024 மார்ச்சில் தொடங்கிய எம்.ஜி.எக்ஸ். என்ற முதலீட்டு நிறுவனம் ஓபன்ஏஐயிலும் மஸ்கின் எக்ஸ்ஏஐயிலும் பங்கு வாங்கியது. 2025 ஜனவரியில் அமெரிக்க மண்ணிலேயே டேட்டா சென்டர்கள் கட்ட அறிவிக்கப்பட்ட ஸ்டார்கேட் திட்டத்தின் முதல் முதலீட்டாளர்கள் நால்வரில் ஒருவராகவும் சேர்ந்தது. அபுதாபிக்கு வர வேண்டிய சிப்பு டெக்சாஸிலேயே தங்கிவிட்டாலும், லாபத்தில் ஒரு பங்கு அபுதாபிக்குத்தான்.