மூச்சு வாங்கும்போது எங்கே பார்க்க வேண்டும்?

வெயிலில் ஓடிவிட்டு வந்த நாய் நாக்கைத் தொங்கப்போட்டு நிமிடத்துக்கு 200, 300 தடவை இரைக்கும், அது நோய் இல்லை. நாய்க்கு வியர்வை பாதத்தில் கொஞ்சம் வருவதோடு சரி, அதனால் ஈரமான நாக்கின் மேலும் மூக்கின் வழியாகவும் காற்றை ஓட்டி உடம்புச் சூட்டை இறக்குகிறது. அந்தக் காற்றில் பெரும்பகுதி நுரையீரலின் ஆழத்துக்குப் போவதே இல்லை. ஆக, வேகத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் போதாது. எந்தத் தசைகள் வேலை செய்கின்றன என்று பார்க்க வேண்டும்.

சும்மா உட்கார்ந்திருக்கிற பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு. இந்த வேலையில் பெரும்பங்கு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற உதரவிதானத்துடையது. அது சுருங்கிக் கீழே இறங்கினால் நெஞ்சுக்குள் இடம் கூடும், காற்று உள்ளே வரும். விரிந்த நுரையீரல் தானாகவே சுருங்குவதால் மூச்சை விடுவதற்கு உழைப்பே தேவையில்லை.

காற்றுக்குழாய் சுருங்கும்போதுதான் வம்பு. குழாயின் ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்கு ஆகாது, 16 மடங்கு ஆகும் (காற்று சீராக ஓடும்போது). பெரியவர்களுக்கு வெறும் மூக்கடைப்பாகப் போகிற வீக்கம் கைக்குழந்தையைத் திணறடிப்பது இதனால்தான். உதரவிதானம் மட்டும் போதாமல் கழுத்துத் தசைகள் உதவிக்கு வரும், மூக்கு விடைக்கும், கழுத்துக்குழியும் விலா இடுக்குகளும் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழியும். குழந்தைகளுக்கு எலும்பு இளசு என்பதால் நெஞ்சின் கீழ்ப்பகுதியே உள்ளே இழுபடும். பெரியவர்கள் முட்டியில் கை ஊன்றி முன்னால் சாய்ந்து உட்காருவார்கள். கை அசையாமல் நின்றால், தோளிலிருந்து விலாவுக்கு வரும் தசைகள் விலா எலும்பைத் தூக்கிக் கொடுக்கும், யாரும் சொல்லித்தராமலே உடம்பு இதைக் கண்டுபிடித்துக்கொள்கிறது.

மூச்சை இழுக்கும்போது சத்தமும் சிரமமும் என்றால் அடைப்பு பெரும்பாலும் தொண்டைப் பக்கம். சப்பை மூக்குப் பக் நாய்கள் கொறகொறப்பது இந்த ரகம், அது அழகு என்று வீடியோ போடுகிறோம். விடும்போது சிரமம், விசில் மாதிரி சத்தம் என்றால் நெஞ்சுக்குள் இருக்கும் சின்னக் குழாய்கள், அதாவது ஆஸ்துமா வகை.

பூனை விஷயத்தில் எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். நாய் மாதிரி அது வாயைத் திறந்து இரைப்பது சாதாரணம் இல்லை. முழங்கையை அகட்டி, கழுத்தை நீட்டி, படுக்க மறுத்து உட்கார்ந்திருந்தால் நுரையீரலிலோ அதைச் சுற்றியோ நீர் கோத்திருக்கலாம். பிடித்துப் படுக்கவைக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மாட்டுக்கோ நுரையீரல் நன்றாக இருந்தாலும் மூச்சு முட்டலாம்: ஈரமான குதிரை மசால் தீவனத்தை வயிறு முட்டத் தின்றாலோ, மாட்டுப் பொங்கலன்று பாசத்தில் சோற்றை அள்ளி வைத்தாலோ வயிற்றில் வாயு அடைத்து, இடது பக்கம் உப்பி, உதரவிதானத்தை முன்னால் தள்ளிவிடும். பறவைக்கு நம்முடையது போன்ற உதரவிதானமே கிடையாது, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. கிளியை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தால் மூக்கு திறந்திருந்தும் அது மூச்சு முட்டிச் சாகும். உட்கார்ந்த இடத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினால் அது திணறுகிறது.

இன்னொன்று. மூச்சு விடச் சொல்லி மூளையை அவசரப்படுத்துவது பெரும்பாலும் ஆக்ஸிஜன் குறைவு அல்ல, ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறுவது. கொரோனா காலத்தில் ஆக்ஸிஜன் அளவு மோசமாகக் குறைந்த சிலர் திணறலே இல்லாமல் போனில் பேசிக்கொண்டிருந்ததற்கு இது ஒரு காரணம்.

அப்புறம், திணறத் திணற மூச்சுத் தசைகளே நிறைய ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும், கடைசியில் களைத்துப்போகும். ஒரு மணி நேரமாக வீசிங்கோடு போராடிய ஆளுக்குச் சத்தம் நின்று, மூச்சும் மெதுவாகி, கூப்பிட்டால் சரியாகப் பதில் வரவில்லை என்றால் ‘தூங்கட்டும்’ என்று விட்டுவிடாதீர்கள். சத்தம் போடக்கூட உள்ளே காற்று ஓடவில்லை, உடனே 108.